அந்த வெள்ளை சன்னியை நான் ஏன் வாங்கவில்லை



நேற்றிரவு நமது பகுதி வாகன விற்பனைக் குழு ஒன்றில் வெள்ளை நிற நிசான் சன்னி எஃப்.பி. 14 ஒன்று விளம்பரமாக வந்திருந்தது. "ஒரு வேலையும் இல்லை, எடுத்து ஓடலாம், குடும்பத்தார் பாவித்தது" என்று எழுதி, விலை 27 இலட்சம், நேரில் பேசித் தீர்க்கலாம் என்றும் போட்டிருந்தார்கள். அந்தக் காரை எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் அதை வாங்குவதா விடுவதா என்று 9 நாள் சரியாகத் தூங்காமல் கிடந்தவன் நான். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

உம்மாவுக்கு மாதம் ஒரு தடவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக். கல்முனையிலிருந்து 40 கிலோமீற்றர் அளவு. பஸ்ஸில் ஏற அவருக்கு இப்போது ஏலாது. வாடகைக் கார் பிடித்தால் போய்வர, காத்திருக்க எல்லாமாக 10,000 ரூபாய் ஆகிறது. வாப்பா விட்டுப்போன வயல் துண்டில் என் பங்கு, இரண்டு சீட்டுக் காசு எல்லாம் சேர்த்து கையில் 20 இலட்சம் இருந்தது. இந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தன் காரை 19 இலட்சத்துக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். 1996 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதே மாதிரியில் நல்ல நிலையில் உள்ளதற்கு நான் விசாரித்த இடமெல்லாம் 26, 27 என்றார்கள்.

போனதும் அவர் தேத்தண்ணி கொடுப்பதற்கு முன்பே பொனட்டைத் திறந்தார். எஞ்சின் ஒயில் மூடியைக் கழற்றி என் கையில் தந்தார். உள்பக்கத்தில் பால் தேத்தண்ணி நுரை மாதிரி ஒட்டியிருந்தது. "முதல்ல இதப் பாருங்க சேர். தண்ணி ஒயிலோட கலக்குது. கிழமைக்கு ரெண்டு போத்தல் தண்ணி குடிக்கிது. ஒங்களுக்குச் சொல்லாம விக்க எனக்கு மனமில்ல" என்றார். பிறகு கீழே குனிந்து கதவுக்கு அடியில் கறள் தின்ற இடத்தையும் அவரே காட்டினார்.

அடுத்த நாள் எனக்குப் பழக்கமான கராஜ் பாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே பார்க்க வேண்டும் என்று சுபஹுக்குப் பிறகு உடனே போகச் சொன்னவர் அவர்தான். சூடாக்கி வைத்த எஞ்சின் நிறைய விசயங்களை மறைக்குமாம். ஒயில் மூடியில் நுரை இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது, கிட்டக் கிட்ட ஓடுகிற காரிலும் ஈரம் பிடித்து அப்படி வரும் என்றார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினார். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை, கார் சூடான பிறகும் நிற்கவில்லை. ஹெட் கஸ்கட் போய்விட்டது, அதற்கு மேல் ஹெட்டும் வளைந்திருக்கலாம் என்றார். இன்னொன்றும் கண்டுபிடித்தார்: தேமோஸ்டட் இல்லை. எஞ்சின் சூடாகிறது என்று வந்தால், காரணத்தைத் தேடாமல் அதைக் கழற்றி எறிந்து அனுப்பும் பழக்கம் நம் நாட்டுக் கராஜ்களில் இருக்கிறது. எப்போதோ யாரோ அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரியவருக்கே அது தெரியாது.

பிறகு காந்தத் துண்டு ஒன்றை எடுத்துக் கதவோரம் முழுக்க வைத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் ஒட்டவில்லை. அங்கெல்லாம் தகரம் இல்லை, புட்டிதான். கடற்கரை ஊரில் நிற்கிற கார், உப்புக் காற்று சும்மா விடுமா? தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்ததில் சாரதி காலடியில் விரல் போகிற அளவு ஓட்டை.

அன்று இரவு கணக்குக் கொப்பியை எடுத்தேன். ஹெட் வேலைக்கு 1 இலட்சத்து 60 ஆயிரம். டிங்கர் வேலையும் பெயின்ட்டும் 2 இலட்சத்து 40 ஆயிரம். ஷொக், போல் ஜொயின்ட் வகையறா 90 ஆயிரம். நாலு டயர் 1 இலட்சம். மொத்தம் 5 இலட்சத்து 90 ஆயிரம். காரின் விலையோடு 24 இலட்சத்து 90 ஆயிரம். நல்ல காரை 26½க்கு எடுப்பதை விட 1 இலட்சத்து 60 ஆயிரம் இலாபம். கொப்பியில் பார்த்தால் வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் பாஸ் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "சேர், இது நான் வெளியால பாத்த கணக்கு. ஹெட்டத் தெறந்தாத்தான் உள்ளுக்கு என்ன எண்டு சொல்லேலும்." அந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், கீழ் புளொக் இரும்பு. பலமுறை சூடேறினால் முதலில் வளைவது ஹெட். லேத் கடையில் சமப்படுத்தலாம், வெடித்திருந்தால் வேறு தேட வேண்டும். எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் போய் நிற்க வேண்டும். அங்கே கிடைக்கும், ஆனால் அதுவும் யாரோ ஓட்டிக் கழற்றிய பழைய எஞ்சின்தான். நான் பார்த்த 1 இலட்சத்து 60 ஆயிரம் இலாபம், ஹெட்டைத் திறந்த முதல் நாளே போய்விடக்கூடியது.

அதோடு, காரை வாங்கினால் என் கையில் மிஞ்சுவது 1 இலட்சம். மிச்ச 4 இலட்சத்து 90 ஆயிரம்? மனைவியின் நகைதான். அவ "எடுங்க" என்றுதான் சொன்னா. அந்தச் சொல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

பிறகு இன்னொரு கணக்குப் போட்டேன், அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். உம்மாவின் கிளினிக்குக்கு மாதம் 10,000 வீதம் வருடத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு 6 இலட்சம். அதாவது திருத்த வேலைக்கு மட்டும் நான் கொட்டப்போகும் காசில், அல்லாஹ் ஆயுளைத் தந்தால், உம்மாவை ஐந்து வருடம் நல்ல காரில் கூட்டிப்போய்க் கூட்டிவரலாம். 19 இலட்சம் அப்படியே இருக்கும். வாடகை கூடும் என்பீர்கள். கூடட்டும், பெற்றோலும் கூடத்தானே செய்யும். எனக்கு வேண்டியிருந்தது விடியற்காலை 5 மணிக்கு நம்பி ஏறக்கூடிய ஒரு வாகனம். களுவாஞ்சிக்குடியில் உம்மாவை வைத்துக்கொண்டு பொனட்டைத் திறந்து நிற்பதற்குக் கார் எதற்கு?

உண்மையைச் சொல்கிறேன், ஆசையும் இருந்தது. மோட்டார் சைக்கிளில் மூன்று பிள்ளைகளோடு மழையில் நனைந்தவனுக்குத்தான் அது தெரியும். நடுச்சாமத்தில் ஒரு அவசரம் வந்தால் வாடகைக் கார் உடனே வருமா என்ற பயமும் இன்னும் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் கதை வேறு மாதிரி. "கார் எண்டது காசு மாதிரி சேர், வெல கொறயாது" என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நமக்குள் ஊறிப்போன நினைப்பு இது. அந்த ஐந்து வருடத்தில் வாங்கியதை விடக் கூடிய விலைக்குப் பழைய கார் விற்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 2022 இல் ரூபாய் விழுந்தபோது இன்னும் ஏறியது. ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது. வரி கடுமை என்பதால் பழையவை ஒரேயடியாக விழவில்லை, உண்மைதான். இருந்தாலும் தட்டுப்பாட்டுக் காலத்து இலாபம் இனியும் வரும் என்று நம்பி 30 வயதுக் கார் வாங்குவது சரியாகப் படவில்லை. அதிலும் கறள் பிடித்த கார் வீட்டு முற்றத்தில் நின்றாலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

யாருமே பழைய கார் வாங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கராஜ் வேலை கைவசம் உள்ளவர், வீட்டில் வேறு வாகனம் உள்ளவர், மூன்று மாதம் கராஜில் நின்றாலும் அன்றாடம் குழம்பாதவர் வாங்கட்டும். அதுவும் திருத்தக் காசை அடகு வைக்காமல் ரொக்கமாக வைத்திருந்தால் மட்டும். பாஸ் சொன்ன தொகையின் அரைவாசியை மேலதிகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பிழையை விடக் கறளுக்குப் பயப்படுங்கள். எஞ்சினை மாற்றலாம், உக்கிய உடம்பை மாற்ற முடியாது.

நான் வேண்டாம் என்று சொன்னபோது பெரியவர் கோபப்படவில்லை. "எனக்கு முதல்ல வந்த மூணு பேரும் இப்பிடித்தான் போனாங்க" என்று சிரித்தார். ஊரில் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? "விபரமில்லாத மனிசன். மூடியத் துடைச்சி வச்சிருந்தா எப்பவோ வித்திருக்கும்." இதைச் சொன்னவர்கள் வேறு யாருமில்லை, நாம்தான். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த ஹதீஸை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? ஈரத்தை மேலே எடுத்துக் காட்டிய ஒருவர் நம் தெருவிலேயே இருந்தார், அவரை நாம் மடையன் என்றோம்.

கடைசியில் ஒரு தரகர் 18½க்கு வாங்கினார். அவரிடமும் பெரியவர் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். வெள்ளைத் தாளில் கையெழுத்து, திறந்த பத்திரம். புத்தகம் இன்னும் பெரியவரின் பெயரில்தான். அந்தக் கார் நாளைக்கு யாரையாவது மோதினால் பொலிஸ் முதலில் வந்து நிற்பது அவர் வாசலில். விற்றவுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லி, படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அதே கார், புதுப் பெயின்ட்டோடு, "ஒரு வேலையும் இல்லை" என்று 27க்கு நிற்கிறது. ஹெட்டைச் செய்திருக்கலாம். அப்படியானால் நல்லது, அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். விளம்பரத்தின் கீழே நான் ஒரே ஒரு கேள்விதான் எழுதினேன்: ஹெட் வேலை செய்த பில் இருக்கிறதா? பத்து நிமிடத்தில் என் கேள்வி காணாமல் போய்விட்டது.

இது புறம் பேசுவதாகிவிடுமோ என்று யோசித்தேன். எச்சரிக்கை செய்வதற்காகக் குறையைச் சொல்வது அதில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாழுஸ் ஸாலிஹீனில் விளக்கியிருக்கிறார்கள். அதனால்தான் யாருடைய பெயரையும் சொல்லாமல், காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை பழைய மாணவன் ஒருவன் இன்பொக்ஸில் வந்தான். "சேர், அந்தக் காருக்கு நீங்க ஏதோ கேட்டிருந்தீங்களே. எங்கட வாப்பா நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறார்." வாப்பாவோடு சுபஹுக்குப் பிறகு, எஞ்சின் சூடாக முன் போகச் சொன்னேன். ஒயில் மூடி, ரேடியேட்டர், சாரதி காலடி விரிப்பு மூன்றையும் பார்க்கச் சொன்னேன். பாஸின் நம்பரையும் அனுப்பினேன்.