விமானத்திலிருந்து ரயிலடி வரை

இராமேசுவரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தது முதல், ஓடுபாதை எந்த ஊரில் வரும் என்பதே பேச்சாக இருக்கிறது; விமானத்தை விட்டு இறங்கும் யாத்ரிகர் அடுத்து எதில் ஏறுவார் என்ற கேள்வி, அதைவிட முக்கியமானதாயினும், போதிய கவனம் பெறவில்லை.

இக்கேள்விக்கு நம் கடற்கரை 1914-ஆம் ஆண்டிலேயே விடை கண்டிருந்தது. பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், போட் மெயில் ரயிலில் எழும்பூரில் ஏறிய பிரயாணி தனுஷ்கோடித் துறையில் இறங்கினால் அங்கே நீராவிக் கப்பலும், தலைமன்னாரில் கரையேறினால் அங்கே கொழும்பு ரயிலும் அவருக்காகக் காத்திருக்கும்படி, இரு கரைகளின் பிரயாணமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1964-ஆம் ஆண்டுப் புயல் அந்த ஏற்பாட்டை அழித்தது. பிணைப்பு அறுந்தால் நேரும் சிரமத்தையோ அண்மையில் கண்டோம்: 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது முதல், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்படும் வரை, ரயில்கள் மண்டபத்தோடும் இராமநாதபுரத்தோடும் நின்றுவிட, வயோதிகர்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்தவர்கள் மூட்டைகளோடு வேறு வாகனம் தேட வேண்டியிருந்தது.

இத்தகைய பிணைப்பை இக்காலத்தில் எப்படி அமைக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்துக்கும் அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கும் இடையே, முன்பு பேருந்து ஓடிய இடத்தில், 2023 முதல் ஓட்டுநரில்லா ரயில் நான்கு நிமிஷத்துக்குள் பிரயாணிகளைக் கொண்டுசேர்க்கிறது. ஆள் குறைவதல்ல இதன் பெரும் பிரயோஜனம். விமானம் தாமதமாகி அர்த்தராத்திரியில் இறங்கினாலும் வண்டி இருக்கும் என்னும் நிச்சயமே. இயந்திரத்தை நம்பலாமா என்று அஞ்சுவோர், பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் கருவியே சிவப்பு விளக்கைக் காட்டி ரயிலை நிறுத்தியதை நினைத்துப் பார்க்க வேண்டும். தில்லி மெட்ரோவிலும் 2020 முதல் ஓட்டுநரில்லா ரயில்கள் ஓடுகின்றன.

ஆயினும் இத்தகைய ரயிலை முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயமன்று. நிலத்தைத்தான் முதலில் காக்க வேண்டும். கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கும் உச்சிப்புளியில் ரயிலடியும் உண்டு. அங்கோ வேறெங்கோ, நிலம் எடுக்கும்போதே ரயிலடி வரையிலான பாதைக்கும் இடம் ஒதுக்கி, கூட்டம் பெருகும் வரை அதில் விமான நேரத்தை அனுசரித்துப் பேருந்துகளை விடலாம். ஆனால் இராமநாதபுரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நாள் முழுவதும் அடிக்கடி ரயில் ஓடாவிட்டால், ரயிலடிக்கு விரைவாக வந்து சேர்ந்தவர் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரும். ஆகவே அந்த உள்ளூர் ரயில்களை ரயில்வே இலாகா இப்போதே விடத் தொடங்க வேண்டும்.