பனையேறியும் பாதிரியாரும்

இந்த வாரம் மின்மினிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கம்போங் குவாந்தான் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்கள் போனால் மின்மினியும் போய்விடும் என்று விளக்க, கோல சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். நோட்டும் பேனாவுமாகப் போனேன். பேச்சாளர் நன்றாகத்தான் தொடங்கினார். இந்தப் பூச்சிக்கு 1907-ல் அறிவியல் பெயர் வைத்தவர் எர்னெஸ்ட் ஒலிவியே என்றார், எழுதிக்கொண்டேன். அடுத்த மூச்சிலேயே, "பூச்சி, மீனு, செடின்னு சேர்த்து வெச்சுப் பார்க்கிற புத்தி வெள்ளைக்காரனுக்கு இருந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு அது கிடையாது" என்றார். முன்வரிசையில் கைதட்டல் வேறு. நோட்டை மூடிவிட்டேன். மின்மினிகள் மன்னிக்கட்டும்.

எனக்குக் கோபம் வந்தால் டென்னன்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன் என்பது இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இலங்கையின் விலங்குகளைப் பற்றி டென்னன்ட் எழுதி 1861-ல் லண்டனில் வந்த புத்தகம். எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, துரை பங்களாப் புத்தகங்களைப் பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டுக்கொண்டிருந்தார். அப்பா கேட்டு வாங்கி வந்தது இது ஒன்றுதான். அதை ஒருவர் இரவல் கொண்டுபோய்ப் பதினொரு வருடம் கழித்துத் திருப்பித் தந்த கதையை மூன்று முறை எழுதிவிட்டேன். நான்காவது முறை வேண்டாம் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே, இரவல் கொண்டுபோனவர் வீட்டுச் சம்பால் கறை படிந்த பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பனையேறி மீனைப் பற்றிய பக்கம் அது.

தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனி படையில் இருந்த டால்டோர்ஃப் என்பவர், 1791-ல் குளத்தங்கரைப் பனைமரத்தில் இந்த மீன் ஏறியதைக் கண்ணால் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் 1797-ல் அதை அச்சிட்டது. பின்னால் வந்தவர்கள் பலர் நம்பவில்லை. மரம் ஏறியதை நானும் பார்த்ததில்லை. ஆனால் மழை கொட்டும்போது செவுள் மூடியின் முள்ளைத் தரையில் ஊன்றி ஊன்றி, கானிலிருந்து வெளியே நகர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். காற்றை நேராகவே சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருக்கிறது. மலாய்க்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் அதைப் புயு என்போம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த அப்பாயி மட்டும் பனையேறி என்பார். பனையே இல்லாத சீமையில் என்ன பனையேறி என்று கேலி பண்ணுவோம். பிறகு ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். அன்று அப்பாயி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மீன் ஏறியதோ இல்லையோ, ஏறும் என்று சொல்லி முதலில் பெயர் வைத்தவன் டால்டோர்ஃப் இல்லை. அந்த ஊர்க்காரன்.

அதே தரங்கம்பாடியில் 1771 முதல் இருந்தவர் ஜான் பாதிரியார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு தொடர்புடைய மிஷன் அவருடையது. ஹாலேயில் பிராங்கே என்பவர் 1698-லேயே ஓர் அதிசயப் பொருள் அறையைத் தொடங்கியிருந்தார். கிருண்ட்லர் என்ற ஓவியர் 1741 வாக்கில் அதை ஒழுங்கு செய்து முடித்தார். சங்கு இருக்கும் அலமாரியின் உச்சியில் சங்குகளையே தீட்டி வைத்தார்; கதவைத் திறக்காமலே உள்ளே என்ன என்று தெரியும். தரங்கம்பாடி ஓலைச்சுவடிகளும் அந்த அறைக்குப் போயிருக்கின்றன.

ஜான், மீன்களைப் பெர்லினுக்கு அனுப்பினார். வாங்கிக்கொண்டவர் புளோக் என்ற மருத்துவர். 1782 தொடங்கி 1795 வரை 12 பாகம், 432 படம் என்று மீன்களுக்காகவே நூல் போட்ட மனிதர். படங்கள் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டவை, வண்ணம் கையால் தீட்டியது. செதில் மினுங்குவதற்கு வெள்ளிப் பூச்சு வேறு. ஜானுக்கு நன்றியாக 1793-ல் ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று பெயர் சூட்டினார். தமிழ் அகராதி தொகுத்த ரொட்லர் பாதிரியார் பெயரிலும் ஒரு மீன் உண்டு. நம் சந்தையில் கிடைக்கும் செஞ்சாருதான் அது. பாவம், லின்னேயஸ் முன்பே வேறு பெயர் வைத்துவிட்டதால் ரொட்லர் செல்லாமல் போனார்.

ஜோனியஸ் வகையில் ஒன்றுக்குப் புளோக் வைத்த பெயர் 'கருத்தா'. லத்தீன் அகராதியைப் புரட்ட வேண்டாம். கறுத்த கத்தாழை! தரங்கம்பாடிக் கரையில் யாரோ சொல்ல, பாதிரியார் எழுதி அனுப்ப, பெர்லினில் கத்தாழை உதிர்ந்து கறுத்த மட்டும் தங்கிவிட்டது. அனுப்பியவர் பெயரும் பதிவில் நிற்கிறது, வரைந்தவர் பெயரும் நிற்கிறது. வலையை இழுத்தவன் பெயர்தான் இல்லை. மண்டபத்துப் பேச்சாளர் இந்த வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

ஜோனியஸ் என்றால் வேறு ஒன்றுமில்லை, நம் கெலாமா. தலையைப் பிளந்தால் இரண்டு வெள்ளைக் கல் இருக்குமே, அதுதான். லயத்தில் அந்தக் கல்லைச் சேர்க்காத பிள்ளை யார்? என் மைலோ டின்னில் கெலாமாக் கல் நாற்பதுக்கு மேல் இருந்தது. புள்ளி போட்ட ரப்பர் விதை, பாம்புச் சட்டை ஒன்று, புக்கிட் மெலாவாத்தியில் பொறுக்கிய லொத்தோங் குரங்குப் பல் ஒன்று. நாய்ப் பல் என்று அண்ணன் இன்றும் சாதிப்பான். சண்டைச் சிலந்திக்குத் தனித் தீப்பெட்டி. டின் மூடியில் உள்ளே இருப்பதையெல்லாம் அடுப்புக்கரியால் வரைந்தும் வைத்திருந்தேன். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து திறந்தால் காப்பித்தூள் வாசம். அம்மாவுக்கு டின் தேவைப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை பாசிர் பெனாம்பாங் போய் அரைக் கிலோ கெலாமாக் கருவாடு வாங்கி வந்தேன். வீட்டில் என்ன மீன் என்று கேட்டார்கள். ஜான் பாதிரியார் என்றேன். இரண்டு முறை அலசிப் பொரித்த பிறகும், பாதிரியார் உப்பாகத்தான் இருந்தார்.