ஒளியால் நோய் காணும் கல்வி மலையகத்துக்கும் உரியது

தேயிலையின் தரத்தைச் சோதிப்பதற்கு ஆயிரம் வழி கண்ட நாடு இது. அத்தேயிலையைப் பறிக்கும் தொழிலாளியின் வாயில் அரும்பும் நோயோ, அவர் வலி பொறுக்கமாட்டாது வைத்தியசாலையை நாடும் நாள் வரை பெரும்பாலும் மறைந்தே கிடக்கிறது. ஸ்பிரிங்வெளி, பசறை, நமுனுகுல, தெமோதரை என விரிந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களின் நிலை இதுவே. இதனை மாற்றவல்ல கல்வியொன்று உலகெங்கும் வளர்ந்து வருகிறது. அதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும் என்பதே நமது கருத்து.

உயிர்மருத்துவப் படமாக்கம், உயிர் ஒளியியல் என்னும் பெயர்கள் செவிக்குக் கடினமானவை, பொருளோ எளிது. கத்தி படாமல் உடலின் உட்புறத்தைக் காண்பது முன்னது. அதனை ஒளியின் துணைகொண்டு செய்வது பின்னது. கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிய சிறு கருவியைப் பலரும் அறிவர். சிவப்பொளியையும், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியையும் விரலினூடே செலுத்தி, இரத்தம் எதனை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக்கொண்டு ஒட்சிசன் அளவைக் கணிப்பதே அதன் தொழில்.

இக்கல்விக்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருளர். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். குளிருக்கும் களைப்புக்கும் வெற்றிலையைத் துணையாகக் கொண்ட மக்கள் நம் மக்கள். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த பெரும் ஆய்வொன்றின் முடிவு 2005இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதேடிச் சென்று வாயைக் கண்ணாற் சோதித்ததனாலேயே, புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே அந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. காலத்திற் கண்டால் உயிர் தப்பும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கண்ணுக்குத் துணையாக இன்று ஒளியும் வந்துள்ளது. நீல ஒளியைப் பாய்ச்சினால் நலமுள்ள வாய்த்தோல் பசுமையாக ஒளிரும். நோயுற்ற இடம் அவ்வொளி இழந்து இருண்டு தோன்றும். ஆயினும் சாதாரண அழற்சியும் அவ்வாறே இருண்டு தோன்றக்கூடும். பல்லாண்டு வெற்றிலைக் கறை படிந்த வாயில் எது கறை, எது புண், எது புற்று என்று பிரித்தறிவது எங்ஙனம்? இது ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போதிய வினா. இவ்வினாவின் அவசரம், லயத்தில் பிறந்து, தன் பாட்டனின் வாயைப் பார்த்து வளர்ந்த மாணவனுக்குத் தெரிந்த அளவுக்குப் பிறருக்குத் தெரியாது.

யார் ஆராய்கிறார் என்பதைப் பொறுத்தே யாருக்கு நன்மை என்பதும் அமைகிறது. மேற்சொன்ன விரற்கருவியையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின நோயாளரிடத்து ஒட்சிசன் குறைந்திருந்தும் அக்கருவி அதனைக் காட்டத் தவறியமை, வெள்ளையரிடத்துத் தவறியதைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு என்று அமெரிக்க ஆய்வொன்று 2020இல் எடுத்துக்காட்டியது. தோலின் கருநிறமும் ஒளியை உறிஞ்சுகிறது. இதனைக் கருவி சரிவரக் கணக்கிற் கொள்ளவில்லை. நம்மை அளந்து பாராது செய்யப்பட்ட கருவி, நம்மைச் சரியாக அளக்கும் என்று நம்பியிருத்தல் அறிவுடைமையன்று.

இத்துறை நமக்கு அந்நியமானதுமன்று. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி.வி. இராமன் 1928இற் கண்ட ஒளிச்சிதறல், இன்று புற்றுத் திசுவை நலமுள்ள திசுவினின்றும் பிரித்தறியப் பயன்படுத்தப்படுகிறது. சுப்பிரமணியன் சந்திரசேகர் விண்மீன்களுக்காக 1950இல் நூலாக்கிய ஒளிப்பரவற் கணிதம், தசையினூடே ஒளி செல்லும் வழியைக் கணிக்கவும் உதவுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திற் பல்லாண்டு பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரன், ஏ.வி. இலட்சுமிநாராயணனோடு 1971இல் வெளியிட்ட கணிதமுறை, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை அமைக்கும் கலைக்குப் பெருந்துணை புரிந்தது.

அவ்வாறாயின் தடை எங்கே? முதற்றடை உயர்தர வகுப்பில் நிற்கிறது. உயிரியற் பிரிவிற் சேர்பவர் கணிதத்தைக் கைவிடுகின்றனர். கணிதப் பிரிவிற் சேர்பவர் உயிரியலைக் கைவிடுகின்றனர். இத்துறையோ இரண்டுக்கும் இடைப்பட்ட வரம்பிலே விளைவது. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் பௌதிகமும் கணிதமும் கற்பிக்க ஆசிரியரே இல்லாத நிலையில், வரம்பைப் பற்றிப் பேசுவது எங்ஙனம்? வயலே இல்லையே!

இரண்டாவது தடை அறியாமை. கலாநிதிப் படிப்பென்றால் காணி விற்றுக் கட்டணம் செலுத்தவேண்டும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞான, பொறியியற் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவாவோரிற் பெரும்பாலோர்க்குக் கட்டணம் நீக்கப்படுகிறது. ஆராய்ச்சிப் பணிக்கு மாதப்படியும் கிடைக்கிறது. ஜெர்மனியிலோ பலர் சம்பளம் பெறும் ஊழியராகவே ஆராய்கின்றனர். இச்செய்தி பதுளை நகரைத் தாண்டித் தோட்டத்துக்குச் செல்லவில்லை.

ஆகவே நாம் மூன்றினை வற்புறுத்துகின்றோம். ஊவாத் தோட்டப் பகுதியின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும், பௌதிகம், கணிதம், உயிரியல் மூன்றையும் தமிழிற் கற்பிக்கும் பாடசாலை ஒன்றேனும் முழுமையாக இயங்க அரசு ஆவன செய்தல் வேண்டும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கிறது; தேயிலை பறிப்பவரின் உடல்நலம் காக்கும் ஆராய்ச்சியையும் அதே அக்கறையோடு வளர்த்தல் வேண்டும். நம் வைத்தியரும் பொறியியலாளரும் ஆளுக்கொரு மாணவனையோ மாணவியையோ பொறுப்பேற்று, விண்ணப்பம் எழுதுவது முதல் ஆங்கிலத் தேர்வு வரை வழிகாட்டுதல் வேண்டும்.

உழவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் ஒரு சொல். நாற்று நட்ட மறுநாள் எவரும் அரிவாளோடு வயலுக்குச் செல்வதில்லை. கலாநிதிக் கல்வியும் ஐந்தாறு ஆண்டுப் பயிர். பிள்ளை கணிதத்தில் ஆர்வங் காட்டுமாயின், பதினாறு வயதில் அதனைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். இன்று அனுப்பினால் அவ்வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வரும். படிக்கவிட்டால் பல லயங்களின் உயிர் தப்பும்.