கிளறாத பானையில் பதம் பார்ப்பவர்களுக்கு

நேற்று ஆசிரியர் குழு ஒன்றில் பெரிய சண்டை. ஏசர் அறிக்கையை ஒருவர் பகிர, இன்னொரு நண்பர் பொங்கிவிட்டார். "மாவட்டத்துக்கு 600 வீடு கேட்டுவிட்டு லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதா?" போன வாரம் யூடியூபில் 40,000 பேர் பொத்தான் அமுக்கிய கருத்துக்கணிப்பை "மக்கள் தீர்ப்பு" என்று பகிர்ந்தவரும் இவரேதான்!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். பானை பெரிதா சிறிதா என்று யாராவது கேட்டார்களா? கிளறிவிட்டு எடுத்தாயா என்பதுதான் கேள்வி. மேலாக மிதக்கும் சோற்றை ஒரு கரண்டி அள்ளினாலும் அடிப்பிடித்தது தெரியாது.

1936 அமெரிக்கத் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்திருந்தார்கள். பஞ்ச காலத்தில் போன் யார் வீட்டில் இருந்திருக்கும்? திருப்பி அனுப்பியவர்களும் ஆத்திரம் உள்ளவர்களே அதிகம். இரண்டு வருடத்தில் பத்திரிகையும் போயிற்று.

ஏசரில் கிராமங்களைக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள்; 30 கிராமம், ஒவ்வொன்றிலும் 20 வீடு. கொத்தாக எடுப்பதால் பிழை கொஞ்சம் கூடும், ஒப்புக்கொள்கிறேன். வாசலில் முன்பின் தெரியாதவர் தாளை நீட்டினால் குழந்தை கூச்சப்படும், அதையும் கேளுங்கள். 600 என்ற எண்ணோடு மட்டும் மல்லுக்கு நிற்காதீர்கள்.

இதில் நம் பாடத்திட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கத்துக்குச் சூத்திரம் இருக்கிறது. ஒரு மாதிரியையாவது கையால் எடுத்த பிள்ளை எத்தனை? நான் எட்டாம் வகுப்பில் ஒரு பையில் 1000 புளியங்கொட்டை போட்டு வைத்திருந்தேன். 300க்கு வெள்ளை பெயிண்ட். எத்தனை வெள்ளை என்று சொல்ல மாட்டேன். 40 பிள்ளைகளும் ஆளுக்கு 20 எடுத்து, எண்ணி, கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஒருவனுக்கு 2, ஒருத்திக்கு 10. "சார், இவன் ஏமாத்துறான்" என்று சத்தம். எல்லாம் எழுதி முடித்தபின் பார்த்தால், பெரும்பாலானவை 4க்கும் 8க்கும் நடுவில், 6ஐச் சுற்றிக் குவிந்து நிற்கும். அதாவது 20 முதல் 40 சதவீதம். மறுநாள் ஆளுக்கு 80 எடுக்கச் சொல்வேன். குவியல் 25க்கும் 35க்கும் நடுவில் ஒடுங்கிவிடும். நாலு மடங்கு எடுத்தால் சிதறல் பாதி. ஒரு சாம்பிள் தவறலாம், ஆனால் எவ்வளவு தவறும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. இதைச் சூத்திரம் இல்லாமலே பிடித்துக்கொண்டார்கள். யூடியூப் கணிப்புக்கு அந்த அளவே கிடையாது, 40 லட்சம் பேர் அமுக்கினாலும்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் யோக்கியன் இல்லை. ஆய்வுக்கு அதிகாரி வந்தால், "யாராவது ஒரு பையனை வாசிக்கச் சொல்லுங்கள்" என்பார். நான் யாரை எழுப்புவேன்? முதல் பெஞ்சில் கணீரென்று வாசிக்கிறவனைத்தான். அவர் "நன்று" என்று எழுதிவிட்டுப் போவார். கடைசி பெஞ்ச் எந்தக் கணக்கிலும் வராது. வருடக்கணக்கில் இப்படியே ஓட்டினேன்.

ஒருமுறை இளம் அதிகாரி ஒருவர் வந்தார். வருகைப் பதிவேட்டை வாங்கினார். வரிசை எண்களைச் சீட்டில் எழுதி, என் சாப்பாட்டு டப்பா மூடியில் போட்டுக் குலுக்கினார். முதல் சீட்டு 31. அந்தப் பெண் எழுந்தாள். இரண்டு வரி தாண்டவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த சீட்டை எடுத்தார்.