போத்தல் வைப்புப் பணமும் மின்சாரத் திட்டமும்

கண்ணாடிப் போத்தலுக்கு வைப்புப் பணம் கட்டி, வெறும் போத்தலைக் கடையில் ஒப்படைத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் வழக்கம் கொழும்பின் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் புதியதன்று. மென்பானக் கம்பெனிகள் பிளாஸ்டிக்குக்கு மாறிய பின்னரே, உற்பத்தியாளரின் பொறுப்பாயிருந்த போத்தல் மாநகர சபையின் சுமையாகி, கால்வாய் வழியே கடலை அடையலாயிற்று. ஜெர்மனி 2003 முதலும், நீதிமன்ற உத்தரவின் பேரில் தமிழ்நாட்டின் நீலகிரி 2022 முதலும் அனுசரித்துவரும் வைப்புப் பண முறையை இலங்கையிலும் பிளாஸ்டிக் போத்தலுக்குச் சட்டமாக்க வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம். ஆயினும், திரும்பாத போத்தல்களின் பணம் எவரிடம் சேரும், இடத்தையும் உழைப்பையும் தரும் சிறு கடைக்காரருக்கு என்ன ஊதியம், போத்தல் பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளின் கதி யாது என்பவற்றைப் பாராளுமன்றக் குழு பகிரங்கமாக விசாரியாமல், வர்த்தமானி அறிவித்தலோடு காரியத்தை முடித்தல் தகாது.

2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021இல் கெரவலப்பிட்டியவில் குப்பையை எரித்து மின்சாரமாக்கும் நிலையம் எழுந்தது. நன்கு எரியும் பிளாஸ்டிக்கைக் குப்பையிலிருந்து பிரித்தெடுத்தால் அத்தகைய நிலையத்தின் கணக்கும் மாறுமாதலால், வைப்புப் பண முறையையும் மின்னுற்பத்தித் திட்டத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும். ஆகவே, 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் ஸ்தாபிதமான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, கட்டண உயர்வுக்கு மட்டுமன்றி நீண்டகால மின்னுற்பத்தித் திட்டத்துக்கும் பிரஜைகளின் கருத்தைச் சிரத்தையோடு கேட்க வேண்டும். அரசகரும மொழியாகிய தமிழில் அத்திட்டத்தின் முழு ஆவணத்தையும் முன்கூட்டியே வெளியிட்டு, கொட்டாஞ்சேனையிலும் ஓர் அமர்வை நடத்த வேண்டும்.