ஸ்டெதஸ்கோப்போடு குதித்த டாக்டர்!

‘ராணுவத்தில் பாராசூட் வேலை’ என்றதும் முகத்தில் கறுப்பு மை பூசிய கமாண்டோதான் ஞாபகத்துக்கு வருவார். எல்லாம் சினிமா செய்த வேலை! உண்மையில், விமானத்தின் கதவருகே வரிசையில் நிற்பவர்களில் டாக்டர், இன்ஜினீயர், சிக்னல் பிரிவுக்காரர் எல்லோரும் உண்டு. எதிரி எல்லைக்குள் குதித்தவருக்குக் குண்டடி பட்டால் 108-ஐயா கூப்பிட முடியும்? டாக்டரும் கூடவே குதித்தாக வேண்டும்.

அப்படிக் குதித்தவர், பெயரிலேயே ஆற்காட்டைச் சுமந்த டாக்டர் ஏ.ஜி.ரங்கராஜ். 1941-ல் பாராசூட்டில் குதித்த முதல் இந்திய வீரர்களில் ஒருவர். கொரியப் போருக்கு இந்தியா துப்பாக்கி வீரர்களை அனுப்பவில்லை; 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. அதன் தளபதி இவர். 1951 மார்ச்சில், மூன்சான் பகுதியில் அமெரிக்க வீரர்கள் குதித்தபோது, நம்மவர்கள் 12 பேரும் மருந்து, உபகரணங்களோடு குதித்தார்கள். தரை தொட்டதும் சிகிச்சைதான். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. பிற்பாடு ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் வேலை பார்த்தார். இவரைப் பற்றி இன்னும் ஒரு சினிமா வரவில்லையே என்பது என் ஆதங்கம்!

பெண்கள்? 1959-லேயே விமானப்படை டாக்டர் கீதா சந்தா குதித்துவிட்டார். இந்தியாவின் முதல் பெண் பாராட்ரூப்பர் அவர்தான்.

சரி, எப்படிச் சேர்வது? நேரடியாக ‘பாராசூட் வேலை’க்கு விண்ணப்பம் கிடையாது. முதலில் படையில் சேர வேண்டும், பிறகு நாமே விருப்பம் தெரிவிக்க வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தித் தள்ளிவிடுவதில்லை. உடலும் மனமும் தாங்குமா என்று கடுமையாகச் சோதிப்பார்கள். பாதியில் திரும்புகிறவர்கள் நிறைய. தேறினால் ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பயிற்சிப் பள்ளி. ஐந்து முறை குதிக்க வேண்டும், அதில் ஒன்று இருட்டில்! முடித்தால் நெஞ்சில் ‘விங்ஸ்’ பேட்ஜ்.

வீட்டில் பயப்படும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். ஆரம்பப் பயிற்சியில் பாராசூட்டைப் பிள்ளை இழுத்துத் திறக்க வேண்டியதில்லை. விமானத்தில் மாட்டிய பட்டையே திறந்துவிடும். அது சிக்கினால் நெஞ்சில் இரண்டாவது பாராசூட் இருக்கிறது.

டாக்டராகிக் குதிக்க ஆசையா? நீட் எழுதும்போதே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியையும் மனதில் வையுங்கள். அங்கே பெண்களுக்கும் இடம் உண்டு.