அனாமத்துக் கணக்கில் ஈஸ்வரி

எல்.ஆர்.ஈஸ்வரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பொய் சொல்லாமல் சொல்லுங்கள். ஒன்று, ஆடி மாதத்து வேப்பிலைத் தோரணமும் கூழ் வாசனையும். இல்லாவிட்டால், வில்லன் கையில் கோப்பையோடு சாய்ந்திருக்க, எதிரே சிவப்பு விளக்கில் சுழலும் கிளப் டான்ஸ். இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஏதாவது தோன்றியிருந்தால் நீங்கள் இந்தப் பக்கத்தைத் தாராளமாகப் புரட்டிவிட்டு ஜோக்குகளுக்குப் போகலாம். மற்றவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

சண்டையைக் கிளப்பிவிட்டது ஜவ்வாது மலை. போளூர் பக்கமிருந்து ஏறி, ஜமுனாமரத்தூரையும் தாண்டி, ஒரு மலையாளிக் கிராமம். மலையாளி என்றதும் கேரளாவுக்குப் போய்விடாதீர்கள். அந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாகச் சாமை விதைத்து, தேனும் புளியும் எடுத்து வாழ்கிற பழங்குடி மக்களுக்கு அதுதான் பெயர். ஆடி மாதம், மாரியம்மன் திருவிழா. புளியமரத்தின் உச்சியில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். விடியற்காலை ஐந்து மணிக்கே ஈஸ்வரி ஆரம்பித்துவிட்டார்.

மலையில் சத்தம் போகிற தூரமே தனி. சமவெளியில் அதே ஸ்பீக்கர் அடுத்த தெருவில் பஸ் ஹாரனோடு மல்லுக்கட்டும். இங்கே ஒரு சரிவில் பாடினால் எதிர்ச் சரிவில் மாடு மேய்க்கிறவர் கேட்டுக்கொண்டே நடக்கிறார். வெளிச்சத் தொந்தரவு இல்லாத இருட்டு வானம் என்பதால்தான் இதே மலையில் காவலூரில் வானோக்கு நிலையம் வைத்தார்கள். அங்கே முதல் தொலைநோக்கி வந்தது 1968. 'பணமா பாசமா'வில் ஈஸ்வரி இலந்தைப் பழம் விற்றதும் அதே 1968. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது, சும்மா சொன்னேன்.

மைக் செட் வைத்திருந்தவர் கீழே போளூர்க்காரர். "இந்தம்மா பாட்டுப் போடாம கூழு ஊத்தினா சண்டைக்கு வந்துருவாங்க சார்" என்றார். பென் டிரைவில் வேறு யார் பாட்டெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் இருக்காங்க சார். ஆனா மொதல்ல இவங்க, கடைசியிலயும் இவங்க."

ராத்திரி லைட் மியூசிக். சமவெளியிலிருந்து வேன் பிடித்து வந்த குழு. பத்து மணி சுமாருக்கு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, ஒரு கண்ணைச் சிமிட்டி, "பெரியவங்கல்லாம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்குங்க, இப்ப இளைஞர்களுக்காக ஒரு கிளுகிளுப்பான பாட்டு" என்றார். வந்தது 'சிவந்த மண்' படத்தின் 'பட்டத்து ராணி'. பாடிய பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். அந்தப் பாட்டு எவ்வளவு கஷ்டம் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் யாரும் கண்ணை மூடவில்லை. காலையில் எந்த முகத்தோடு கேட்டார்களோ அதே முகத்தோடு கேட்டார்கள். அந்தக் குரல் அவர்களுக்கு ஒரே குரல். குழப்பம் முழுக்க மைக் பிடித்த ஆசாமிக்குத்தான்.

அந்த ஆசாமியை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. டி.வி. பாட்டுப் போட்டிகளில் பாருங்கள். பி.சுசீலா பாட்டு என்றால் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கமகம், பாவம், உச்சரிப்பு என்று மார்க் போடுவார்கள். ஈஸ்வரி பாட்டு என்றால் எழுந்து ஆடுவார்கள். "செம எனர்ஜி!" அவ்வளவுதான் விமரிசனம். அறுபது வருஷமாக ஒரு பாடகியைப் பற்றி நாம் சொன்ன ஒரே இசைக் குறிப்பு இதுதான்.

நான் படித்தது பி.காம். கணக்கு எழுதும்போது ஒரு தொகையை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால், தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் போட்டுவைப்போம். விவரம் தெரிந்ததும் உரிய தலைப்புக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் வருஷக் கணக்கில் அங்கேயே கிடந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். ஈஸ்வரியை நாம் 'கவர்ச்சி'யில் பாதி, 'பக்தி'யில் பாதி எழுதி, மிச்சத்தை அனாமத்தில் போட்டுவிட்டோம். 'இசை' என்ற தலைப்பில் அவர் பெயரில் வரவே இல்லை.

அந்தத் தலைப்பில் எழுதவேண்டியது என்ன? இந்த மண்ணில் ஜாஸும் பாப்பும் தமிழில் பாடிக் காட்டிய முதல் தரமான குரல் அவருடையது. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சினிமாப் பாட்டைப் போய் ஜாஸ் என்கிறாரே என்று.

சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஜாஸ் பாடகர்கள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டுகளில் பெரும்பகுதி நாடகப் பாட்டும் சினிமாப் பாட்டும்தான். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1956-ல் கோல் போர்ட்டரின் பாட்டுகளைத் தனித் தொகுப்பாகப் பாடி வெளியிட்டார். போர்ட்டர் யார்? பிராட்வே நாடகத்துக்கும் ஹாலிவுட் படத்துக்கும் மெட்டுப் போட்டவர். 'மூன் ரிவர்' 1961-ல் ஒரு படத்துக்காகப் போட்ட பாட்டு. அவர்கள் அவற்றை 'ஸ்டாண்டர்ட்' என்று பெயரிட்டு மேலே தூக்கி வைத்தார்கள். நாம் அதே மாதிரிச் சரக்கைக் 'கிளப் டான்ஸ் பாட்டு' என்று பெயரிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறோம்.

இன்னொன்று. மைக்கை ஒட்டி நின்று மெல்லப் பாடுவது என்பதே ஒரு புதுக் கலை. மைக் இல்லாத காலத்து நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்து பாடியாக வேண்டும். நம் பழைய பாகவதர்கள் பாடியது அப்படி. 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வந்த பிறகுதான், காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் பேசுகிற மாதிரிப் பாட முடிந்தது. பிங் கிராஸ்பி போன்றவர்கள் உலகத்தை வளைத்தது அப்படித்தான். தமிழில் மைக்கின் அருமையை முழுக்கப் புரிந்துகொண்டு அதை ஒரு வாத்தியமாகவே வாசித்தவர் ஈஸ்வரி. சந்தேகமிருந்தால் 1972-ல் வந்த பாலசந்தரின் 'வெள்ளி விழா'வில் 'காதோடுதான்' கேளுங்கள். வி.குமார் இசை. பாட்டில் சத்தமே இல்லை, மூச்சுதான் இருக்கிறது. எந்த இடத்திலும் குரலை உயர்த்தி உங்கள் கவனத்தைக் கேட்பதில்லை. நீங்கள்தான் குனிந்து அவர் பக்கத்தில் போகவேண்டியிருக்கிறது. குடும்பத்துப் பெண் பாடுகிற பாட்டு அது. வேப்பிலையும் இல்லை, கோப்பையும் இல்லை. அதனால்தான் அது யார் பாடியது என்று கேட்டால் பாதிப் பேர் சுசீலா என்கிறார்கள்!

இப்போது 'ஆடவரெல்லாம்'. 1964, 'கறுப்புப் பணம்', விஸ்வநாதன் - ராமமூர்த்தி. தாளம் ஒரு பக்கம் நடக்கிறது. ஈஸ்வரி அதன் மேல் ஏறி உட்காராமல் ஒரு மயிரிழை பின்தங்கி வருகிறார். வரியின் கடைசி எழுத்தை அப்படியே வைக்காமல் வழுக்கி இறக்குகிறார். தாளத்துக்குப் பின்னால் சோம்பலாக நடப்பதும், சுரத்திலிருந்து சுரத்துக்குச் சறுக்குவதும்தான் ஜாஸ் பாட்டின் உயிர். இதை அவருக்கு எந்த நியூ ஆர்லியன்ஸ் வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? யாருமில்லை. ரிக்கார்டிங் தியேட்டரில் கூட இருந்தவர்களிடம் காதைக் கொடுத்தார். அந்தக் காலத்து கோடம்பாக்கத்தில் அக்கார்டியன் மங்களமூர்த்தியும் டிரம்ஸ் நோயல் கிராண்ட்டும் இருந்தார்கள். மேற்கத்திய சங்கீதம் கையில் பழகிய ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும் டிரம்பெட்டோடும் சாக்ஸபோனோடும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வாசித்ததற்குத் தமிழில் வாய் கொடுத்தவர் இவர்.

வார்த்தையே இல்லாத இடங்களுக்கு வாருங்கள். 'சர்வர் சுந்தரம்' படத்தில் 'அவளுக்கென்ன' பாட்டு டி.எம்.எஸ். கணக்கில் இருக்கிறது. அதில் ஈஸ்வரி ஹம்மிங் மட்டும்தான். அந்த ஹம்மிங்கை எடுத்துவிட்டு ஒருமுறை மனதுக்குள் பாடிப் பாருங்கள். சப்பென்று ஆகிவிடும். வார்த்தையில்லாமல் குரலை வாத்தியமாக ஓடவிடுவதை ஜாஸில் 'ஸ்காட்' என்பார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் 1926-ல் ஒரு ரிக்கார்டில் அப்படிப் பாடியதைப் பற்றி இன்றுவரை புத்தகம் எழுதுகிறார்கள். நாம் ஈஸ்வரியின் ஹம்மிங்குக்கு எழுதியது, ரிக்கார்டு உறையில் பொடி எழுத்தில் 'குழுவினருடன்' என்பதற்குப் பக்கத்து வரி.

'பட்டத்து ராணி'யைச் சொல்லாமல் விட்டால் அந்த மலைக் கிராமத்துப் பெண் கோபித்துக்கொள்வார். 1969. ஸ்ரீதர் படம், எம்.எஸ்.வி. இசை. திரையில் சிவாஜி சாட்டையைச் சுழற்ற, காஞ்சனா ஆடுகிறார். சாட்டை விழும் ஒவ்வொரு முறையும் குரல் துடித்து, அடுத்த நொடி சுருதி பிசகாமல் மெட்டுக்குத் திரும்பவேண்டும். வலியை நடிக்கவும் வேண்டும், தாளத்தை விடவும் கூடாது. கச்சேரி மேடையில் இதற்கு இணையான ஒரு காரியத்தைச் செய்தால் எழுந்து நின்று கைதட்டுவோம். சினிமாவில் செய்ததால் 'கிளுகிளுப்பு'. அடிவாங்கும் ஒரு பெண்ணின் துடிப்பில் அந்த அறிவிப்பாளருக்கு என்ன கிளுகிளுப்பு தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"வரிகள் கொச்சையா இருக்கே சார்" என்பார்கள். சரி, இருக்கட்டும். எழுதியது யார்? ஆண். மெட்டுப் போட்டது யார்? ஆண். காட்சி வைத்து, காமிராவைத் தரையிலிருந்து மேல்நோக்கித் திருப்பியது யார்? அதுவும் ஆண். 'கறுப்புப் பண'த்தில் 'ஆடவரெல்லாம்' எழுதிய கண்ணதாசன் அந்தப் படத்தில் நடித்தும் இருக்கிறார். அவர் கவியரசர். எம்.எஸ்.வி. மெல்லிசை மன்னர். பட்டமெல்லாம் அவர்களுக்கு, பாடியவருக்கு மட்டும் கண் சிமிட்டல். ஒரு கம்பெனியில் லாபத்தை எல்லாம் பங்குதாரர்கள் எடுத்துக்கொண்டு, நஷ்டத்தை மட்டும் ஒருத்தர் பெயரில் எழுதினால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் காலத்துப் படவுலகம் ஒரு கோடு போட்டுவைத்திருந்தது. தாலி கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குச் சுசீலா, மற்றவளுக்கு ஈஸ்வரி. சுசீலாவின் அருமையில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நான் சொல்வது கோட்டைப் பற்றி. இத்தனைக்கும் ஈஸ்வரியை ஊருக்கு அறிமுகப்படுத்தியது எந்தப் பாட்டு தெரியுமா? 1961, 'பாசமலர்', 'வாராயோ என் தோழி'. கல்யாணப் பெண்ணைத் தோழிகள் மணப்பந்தலுக்கு அழைக்கும் பாட்டு. அதற்கு முன்னால் அம்மாவோடு 'மனோகரா'வில் கோரஸ் பாடி, 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனியாகப் பாடவைத்து, மூன்று வருஷம் பொறுத்துக் கிடைத்த வெளிச்சம் அது. லூர்து மேரி ராஜேஸ்வரி என்கிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணின் குரலில்தான் தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு மணப்பெண் வருகிறாள், ஆடியில் மாரியம்மனும் வருகிறாள். கிளப்பில் மட்டும் அவர் பாடினார் என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்?

கிளப் என்றதும் உஷா உதுப் ஞாபகம் வருகிறது. 1969-ல் மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதியில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கியவர். நிஜமான கிளப்பில் பாடியவர்! அவரை நாம் சரியாகவே பாப் பாடகி, ஜாஸ் பாடகி என்றோம். பத்மஸ்ரீ 2011-ல், பத்மபூஷண் 2024-ல். தகுதியான மரியாதை. வாழ்நாளெல்லாம் ரிக்கார்டிங் தியேட்டரில் பேப்பரைப் பார்த்துப் பாடிவிட்டுப் போன ஈஸ்வரிதான் 'கிளப் பாடகி'. ஆங்கிலத்தில் பாடினால் ஜாஸ், தமிழில் பாடினால் ஐட்டம். என்ன நியாயம் இது?

இளையராஜா 1976-ல் வந்த பிறகு ஜானகி ஒருவரே கதாநாயகிக்கும் கவர்ச்சிக்கும் பாடிக்காட்ட, அந்தக் கோடு மெல்ல அழிய ஆரம்பித்தது. ஆனால் கோட்டால் நஷ்டப்பட்டவருக்கு அழிந்ததால் லாபம் ஒன்றுமில்லை. சினிமாவில் இடம் சுருங்கியது. கேசட்டில் அம்மன் அழைத்துக்கொண்டாள். 2011-ல் 'ஒஸ்தி'க்காக எழுபது வயதைத் தாண்டிய அவரைக் கூப்பிட்டார்கள், மறுபடியும் குத்துப்பாட்டுக்கு. 2020-ல் 'மூக்குத்தி அம்மன்'. அதிலும் ஆடி மாதப் பாட்டு. திரும்பத் திரும்ப அதே இரண்டு தலைப்பு. 'காதோடுதான்' மாதிரி இன்னொன்று போட்டு அந்த வயதுக் குரலை மைக்குக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று இத்தனை புது இசையமைப்பாளர்களில் ஒருவருக்குத் தோன்றியிருக்கக்கூடாதா?

உங்களிடம் கேட்பது பெரிய விஷயமில்லை. இந்த வாரம் ஒரு ராத்திரி, டி.வி.யை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோனில் நான்கு பாட்டு. 'ஆடவரெல்லாம்', 1966-ல் வேதா இசையில் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தின் 'பளிங்கினால் ஒரு மாளிகை', 'காதோடுதான்', கடைசியாக 1974-ன் 'அவள் ஒரு தொடர்கதை'யிலிருந்து 'அடி என்னடி உலகம்'. படக்காட்சியைப் பார்க்காதீர்கள். கடைசிப் பாட்டில் மயக்கும் வேலை எதுவும் கிடையாது. உலகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற ஒரு கசப்பு இருக்கிறது. அந்தக் கசப்பைச் சிரிப்பு மாதிரி எப்படிப் பாடுகிறார் என்று மட்டும் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.